வெளிநாட்டுச் சிறு கிறிஸ்தவத் தொண்டு அமைப்புடன் களத்தில் வேலை செய்வது எப்படி: படுவான்கரையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

வெளிநாட்டில் ஒரு சபையைச் சேர்ந்த ஏழெட்டுப் பேர் சேர்ந்து நடத்தும் சின்னத் தொண்டு அமைப்பு. அதற்காக மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ நின்று வேலை செய்யும்படி உங்களைக் கேட்டிருக்கிறார்கள். களப் பொறுப்பாளர், இணைப்பாளர், தொண்டர் என்று பெயர் எதுவாகவும் இருக்கட்டும். அங்கே சேர்ந்த காசு இங்கே ஒரு குடும்பத்தின் வளவில் பொருளாக நிற்க வேண்டும், நின்றது அங்கே தெரியவும் வேண்டும். வேலை அவ்வளவுதான்.

பெரிய நிறுவனம் என்றால் கணக்குக்கு ஒருவர், களத்துக்கு ஒருவர், அறிக்கைக்கு ஒருவர் இருப்பார்கள். இங்கே மூன்றும் நீங்கள்தான். புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குவது வரிசையில். காசை முதலில் எடுத்துவிட்டுக் கிராமத்தைப் பிறகு தேடுகிறார்கள், கச்சேரிக் கடிதம், அதாவது மாவட்டச் செயலக அனுமதி, கடைசியில் ஞாபகத்துக்கு வருகிறது. கீழே உள்ள வரிசை அதற்குத் தலைகீழ்.

விளக்குவதற்கு ஒரே திட்டத்தை எடுத்துக்கொள்கிறேன்: மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பகுதிக் கிராமம் ஒன்றில், பெண் தலைமை தாங்கும் 20 குடும்பங்களுக்கு ஆடு. கையில் இருக்க வேண்டியவை: இரண்டு சீ.ஆர். கொப்பி (கெட்டி அட்டை போட்ட பெரிய பதிவுக் கொப்பி), ஒரு பற்றுச்சீட்டுப் புத்தகம், வவுச்சர் கட்டு, கைநாட்டு வாங்க மைப்பெட்டி, ஓடக்கூடிய மோட்டார் சைக்கிள்.

1. அமைப்பை நீங்களும் விசாரியுங்கள்

அவர்கள் உங்களைப் பற்றிப் போதகரிடமும் பாடசாலை அதிபரிடமும் கேட்டிருப்பார்கள். நீங்களும் கேட்கலாம், அது மரியாதைக் குறைவு ஆகாது. இங்கிலாந்திலோ வேல்ஸிலோ பதிவான அமைப்பு என்றால் அதற்கு ஒரு தொண்டு இலக்கம் இருக்கும். அங்குள்ள அறநிலைய ஆணைக்குழுவின் (Charity Commission) இணையப் பதிவேட்டில் அந்த இலக்கத்தைப் போட்டால் அறங்காவலர்களின் பெயர்களும் ஆண்டு வரவும் செலவும் தெரியும். நிதியாண்டு முடிந்து 10 மாதத்துக்குள் அவர்கள் கணக்குக் காட்ட வேண்டும். வருடா வருடம் பிந்துகிற அமைப்பு உங்களுக்கும் காசு அனுப்பப் பிந்தும்.

சின்ன அமைப்பின் அறங்காவலர்கள் பொதுவாகச் சம்பளமில்லாத ஆட்கள். பகலில் வேறு வேலை. கூட்டம் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நடக்கும். உங்கள் கேள்வி கூட்டத்துக்கு மறுநாள் போய்ச் சேர்ந்தால் அடுத்த கூட்டம் வரை அது தூங்கும். ஆகவே அடுத்த கூட்டத் திகதியை முதல் கடிதத்திலேயே கேட்டு வாங்கி, கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

காசு எங்கிருந்து வருகிறது என்றும் கேளுங்கள். ஞாயிறு காணிக்கை, கேக் விற்பனை, கூட்டு நடைப்பயணம் என்று சிறுகச் சிறுகச் சேர்ந்ததாக இருக்கும். கொடுத்தவரும் அறங்காவலரும் ஒரே ஆலயத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவர்கள். ஆராதனை முடிந்து தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் “அந்த ஆடுகள் என்ன ஆச்சு?” என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு அவர் கையில் பதில் இருக்க வேண்டும். நீங்கள் எழுதப்போகும் அறிக்கையின் தேவை முழுக்க அதுதான்.

2. கிராமத்துக்குள் போகும் வரிசை

முதலில் கிராம உத்தியோகத்தர். அவர் வழியாகப் பிரதேச செயலகம். பிறகு கோயில் பரிபாலன சபை. அதன் பிறகு கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும். வீடுகள் கடைசியில்.

வீட்டுக்கு முதலில் போனால் என்ன? நான் போயிருக்கிறேன். வெள்ளைக்காரக் காசு வருகிறது என்ற கதை பின்னேரத்துக்குள் ஊரெல்லாம் பரவிவிட்டது. அடுத்த நாள் அறுபது பெயர் கொண்ட பட்டியலோடு ஆட்கள் நின்றார்கள். இருபதுக்குத்தான் இடம். மீதி நாற்பது பேரின் கோபத்தோடு திட்டம் தொடங்கியது.

கோயில் சபையைத் தாண்டிப் போவது இன்னும் பெரிய பிழை. கிராமத்தில் பாதி விடயம் அங்கேதான் முடிவாகும். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும் ஊர் என்றால் சடங்கு முடியும்வரை எந்தக் கூட்டமும் வைக்காதீர்கள், ஆட்களும் வரமாட்டார்கள். கோயில் நிர்வாகத் தலைவரான வண்ணக்கரிடம் போய் இருந்து, யார், எதற்கு, எவ்வளவு நாள் என்று நேரே சொல்லுங்கள். கிறிஸ்தவ அமைப்பு என்பதை மறைக்க வேண்டாம். பிறகு வேறொருவர் வாயால் அவருக்குத் தெரியவந்தால், அதுவரை நீங்கள் சொன்ன உண்மையெல்லாமும் பொய்யாகிவிடும்.

அம்பாறை மாவட்டத்தில் ஒரு மேலதிக வேலை உண்டு. கரையோரத் தமிழ்க் கிராமம் என்றாலும் மாவட்டச் செயலகத்துக்குப் போகும் கடிதத்தோடு சிங்களப் பிரதி ஒன்றும் வையுங்கள். பக்கத்து முஸ்லிம் கிராமத்திலும் அதே வறுமை இருக்கும். அங்கே ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டால் சொல்ல உங்களிடம் நியாயமான பதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அங்கேயும் நாலு குடும்பத்தைச் சேருங்கள்.

3. மதத்தைப் பற்றி முதல் நாளே கதையுங்கள்

பெரும்பாலானவர்கள் நழுவிப் போகும் இடம் இது. முதல் கூட்டத்தில் ஒரு மூதாட்டி என்னிடம் கேட்டார்: “ஆடு தாறெண்டா சேர்ச்சுக்கு வரணுமா மனே?” கூட்டத்தில் எல்லோருக்கும் இருந்த கேள்வி அதுதான். அவர்தான் வாய் திறந்தார். “இல்லம்மா, வரவேண்டியதில்ல. வந்தவங்களுக்கு ரெண்டு ஆடும் இல்ல” என்றேன். சிரித்தார்கள், பிறகுதான் காது கொடுத்துக் கேட்டார்கள்.

வாயால் சொன்னது போதாது. ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள்: உதவிக்கு மதம் நிபந்தனை இல்லை. கொடுக்கும் இடத்தில் ஜெபமோ பிரசங்கமோ துண்டுப்பிரசுரமோ இல்லை. மதம் மாறினாலும் மாறாவிட்டாலும் பட்டியல் மாறாது. அந்தத் தாளில் வெளிநாட்டு அமைப்பின் கையொப்பம் இருக்க வேண்டும். கேட்கத் தயங்க வேண்டாம். அனர்த்த நிவாரணத்துக்கென்று செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994இல் வகுத்த நடத்தைக் கோவையின் மூன்றாம் விதியும் இதையே சொல்கிறது: உதவியை ஒரு மத அல்லது அரசியல் நிலைப்பாட்டை வளர்க்கப் பயன்படுத்தக் கூடாது. பல கிறிஸ்தவ உதவி நிறுவனங்கள் ஏற்றுக்கொண்ட கோவை அது.

அமைப்பு கையொப்பமிட மறுத்தால் அந்த வேலையை நான் எடுக்கமாட்டேன். அவர்களுக்கு ஊழியம் செய்ய விருப்பமென்றால் அது வேறு வேலை. அதை வேறு ஆள், வேறு நாள், வேறு காசில் செய்யட்டும்.

இடத்தையும் கவனியுங்கள். ஆலய மண்டபம் வாடகையில்லாமல் கிடைக்கும் என்று அங்கே விநியோகம் வைக்கிறார்கள். பல்நோக்கு மண்டபத்துக்கோ பாலர் பாடசாலைக்கோ போங்கள். உள்ளூர்ச் சபையில் ஏற்கனவே இருக்கும் ஏழைக் குடும்பங்களைத் தள்ளி வைக்கவும் வேண்டாம். அளவுகோலுக்குள் வந்தால் அவர்களும் பட்டியலில் வரட்டும்.

4. பதிவு, கடிதம், வங்கிக் கணக்கு

தன்னார்வ சமூக சேவை அமைப்புகளின் பதிவும் மேற்பார்வையும் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருகின்றன. உங்கள் அமைப்பு எந்தப் பரப்பில் வேலை செய்யப் போகிறது என்பதைச் சொல்லி, எங்கே பதிய வேண்டும் என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள். பதிவில்லையென்றால் ஏற்கனவே பதிவுள்ள உள்ளூர் அமைப்பு அல்லது சபையின் சமூகசேவைப் பிரிவின் கீழ் எழுத்து மூல உடன்படிக்கையோடு வேலை செய்வது புத்தி.

வங்கிக் கணக்கு அமைப்பின் பெயரில், இரண்டு கையொப்பத்தோடு இருக்க வேண்டும். கையொப்பமிடும் இருவரும் ஒரே வீட்டு ஆட்களாக இருக்கக் கூடாது. உங்கள் சொந்தக் கணக்குக்கோ போதகரின் கணக்குக்கோ ஒரு சதமும் வரக்கூடாது, அவசரம் என்றாலும். நேர்மையான ஒருவர் இதில் மாட்டிக்கொண்டதைப் பார்த்தேன். காசை அவர் எடுக்கவில்லை. ஆனால் திட்டக் காசும் மகளின் வகுப்புக் காசும் ஒரே புத்தகத்தில் கிடந்தன. எடுக்கவில்லை என்று காட்ட அவரிடம் வழி இருக்கவில்லை.

5. கேட்கும் கடிதத்தில் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் போடுங்கள்

நீங்கள் எழுதும் கடிதம் அங்கே ஆலய வாசலில் சுவரொட்டியாக மாறும். ‘20 ஆடுகள் தேவை’ என்று எழுதினால் மக்கள் ஆட்டுக்குத்தான் கொடுப்பார்கள். குறித்த ஒரு நோக்கத்துக்குச் சேர்த்த காசை அந்த நோக்கத்துக்கே செலவழிக்க அவர்கள் சட்டப்படி கட்டுப்பட்டவர்கள். பிறகு ஆட்டுக்கு முன் கொட்டில் தேவை, ஒரு அம்மாவுக்கு ஆடு சரிவராது, கோழிதான் சரி என்று தெரியவந்தால் அந்தக் காசைத் தொட முடியாது.

அதனால் ‘இந்தக் கிராமத்தில் 20 குடும்பங்களின் வாழ்வாதாரத்துக்கு, முக்கியமாக ஆடு வளர்ப்புக்கு’ என்று அகலமாக எழுதுங்கள். இந்த ஒரு வசனம் பல சண்டைகளை மிச்சப்படுத்தியிருக்கிறது.

6. குடும்பங்களைத் தெரிவுசெய்வது

அளவுகோல் முதலில், பெயர் பிறகு. மாதர் சங்கக் கூட்டத்தில் அவர்களே அளவுகோலைச் சொல்லட்டும்: கணவர் இல்லை அல்லது உழைக்க முடியாதவர், பள்ளி போகும் பிள்ளைகள், நிரந்தர வருமானம் இல்லை, ஆடு கட்ட வளவு உண்டு. அதைப் பெரிய தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுத்தான் பெயர் கேட்க வேண்டும். பெயரை முதலில் எடுத்தால் அளவுகோல் பெயருக்கு ஏற்ப வளையும்.

பட்டியல் வந்ததும் இருபது வீட்டுக்கும் நீங்களே போங்கள். படிவத்தில் வராத ஒன்றை அங்கே பாருங்கள்: கடன். இந்தப் பக்கத்தில் நுண்கடன் கிழமைத் தவணை கட்ட முடியாமல் வாடும் பெண்கள் அதிகம். மூன்று கம்பனிக்குத் தவணை கட்டுகிறவரிடம் ஆட்டைக் கொடுத்தால் அடுத்த மாதமே ஆடு விலைபோகும். அவரில் பிழையில்லை. அவருக்கு ஆட்டுக்கு முன் வேறொரு உதவி தேவை. ‘சுழற்சிக் கடன் கொடுக்கலாமே’ என்று வெளிநாட்டிலிருந்து ஆலோசனை வரும். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த ஊர்களுக்கு இன்னொரு கடன் புத்தகம் வேண்டாம்.

இறுதிப் பட்டியலை ஒரு கிழமை பொது இடத்தில் தொங்கவிடுங்கள். முறைப்பாடு வரும். வரட்டும். ஆடு வாங்கிய பிறகு வருவதைவிட இப்போது வருவது நல்லது.

7. வரவுசெலவுத் திட்டம்

ரூபாயை மட்டும் எழுதாதீர்கள். எத்தனை, எந்த அளவு, இன்றைய விலை, விலை எடுத்த திகதி ஆகிய நான்கும் வேண்டும். 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியது. சீமெந்து, தகரம், எரிபொருள் எல்லாம் கூடவே ஏறின. தொகையை மட்டும் எழுதியவர்கள் பாதியில் நின்றார்கள். அளவை எழுதியவர்கள் ‘இருபது கொட்டில் என்றோம், பதினாறு கட்டலாம்’ என்று கடிதம் போட்டு அனுமதி வாங்கினார்கள்.

உங்கள் பெற்றோல், தொலைபேசி, சம்பளம் ஆகியவற்றையும் தனி வரியாக எழுதுங்கள். புதியவர்கள் வெட்கப்பட்டு விட்டுவிடுகிறார்கள். பிறகு ஆட்டின் விலையில் ஆயிரம் கூட்டி பெற்றோல் அடிக்கிறார்கள். களவு தொடங்கும் வாசல் அந்த வெட்கம்தான். அமைப்புக்குத் தெரிந்து எடுக்கும் காசில் எந்தக் கூச்சமும் தேவையில்லை.

8. அவர்களின் நாட்காட்டியும் மழையின் நாட்காட்டியும்

இங்கிலாந்துச் சபைகள் செப்டம்பர், ஒக்டோபரில் அறுவடைத் திருநாள் காணிக்கை எடுக்கும். அதன் பிறகு நத்தார் காணிக்கை. காசு திரளும் காலம் அது. ‘நத்தாருக்கு முன் குடும்பங்களுக்குக் கொடுத்துப் படம் அனுப்ப முடியுமா?’ என்று ஆசையாகக் கேட்பார்கள்.

இங்கே நவம்பர், டிசம்பர் வடகீழ்ப் பருவமழை. கிரான், புலிபாய்ந்தகல் வீதியில் தண்ணீர் ஏறினால் தோணிதான். படுவான்கரையின் சில ஊர்களுக்குப் ‘பாதை’ என்று இங்கே சொல்லும் மிதவைப் படகில் ஏறித் துறை கடந்து போக வேண்டும், நீரோட்டம் கூடினால் பாதையும் நிற்கும். ஒரு வருடம் நானும் அந்த ஆசைக்கு இணங்கினேன். டிசம்பர் முதல் கிழமை ஆடு கொடுத்தோம், கொட்டில் முடிந்திருக்கவில்லை. ஈர மண்ணில் நின்ற ஆடுகளுக்குக் குளம்பு அழுகியது, சளி பிடித்தது. நத்தார் கழிவதற்குள் ஏழு செத்தன. படம் மட்டும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

சரியான வரிசை: மழைக்காலத்தில் கூட்டமும் தெரிவும். பெரும்போக அறுவடை முடிந்து ஆட்கள் வீட்டில் இருக்கும் மார்ச், ஏப்ரலில் நிலத்திலிருந்து உயர்ந்த பரண் கொட்டில். தீன் மரங்களான கிளிசிறியாவும் இப்பிலிப்பிலும் மழை ஈரத்திலேயே நடப்பட்டிருக்க வேண்டும். கொட்டிலும் தீனும் நின்ற பிறகு ஆடு. இதை முதல் கடிதத்திலேயே ஒரு பக்கப் படமாக வரைந்து அனுப்புங்கள். நத்தாருக்கு அவர்களுக்கு ஏதாவது வேண்டுமென்றால், மரம் நடும் படத்தை அனுப்பலாம்.

யானை வரும் ஊரா என்றும் கேட்டு வையுங்கள். வெல்லாவெளி, வவுணதீவு, கிரான் பக்கம் வாழையும் தென்னங்கன்றும் கொடுப்பதற்கு முன் இருமுறை யோசிக்க வேண்டும்.

9. வாங்குதலும் பற்றுச்சீட்டும்

தகரம், கம்பி என்றால் மூன்று கடையில் விலைமனு எடுத்து, ஏன் அந்தக் கடை என்று ஒரு வரி எழுதினால் போதும். ஆட்டில்தான் சிக்கல், ஆடு விற்பவரிடம் பில் கிடையாது. அதற்கு வவுச்சர் எழுதுங்கள்: விற்றவர் பெயர், அடையாள அட்டை இலக்கம், ஆட்டின் நிறம், வயது, விலை, கையொப்பம் அல்லது கைநாட்டு. சாட்சியாக மாதர் சங்கத்தில் ஒருவர். வாங்கும் இடத்துக்குப் பயனாளிப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போங்கள், ஆட்டை அவரே தெரிவுசெய்யட்டும். நீங்கள் தெரிவுசெய்த ஆடு செத்தால் ‘உங்கட ஆடு’. அவர் தெரிவுசெய்தால் அது அவருடைய ஆடு.

கால்நடை வைத்தியர் பார்த்த பிறகே காசு கொடுக்க வேண்டும். ஏற்றி இறக்கத் தேவையான அனுமதிக் கடிதங்களையும் அந்த அலுவலகத்திலேயே முன்கூட்டிக் கேட்டு எடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து அனுப்பிய தொகையும் கைக்கு வந்ததும் ஒன்றாக இராது, இடை வங்கிகள் கழித்துக்கொள்ளும். வங்கி தரும் வரவு அறிவித்தலைக் கோப்பில் போட்டு, அனுப்பியது, கழிவு, மாற்று வீதம், வந்தது என்று நாலு வரி எழுதுங்கள். வருடக் கடைசியில் அவர்களின் கணக்குப் பார்ப்பவர் கேட்கும் முதல் தாள் அதுதான்.

10. படமும் பிள்ளைகளும்

அனுமதி கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். அழுக்குச் சட்டையோடு பிள்ளையை நிறுத்தி எடுக்கவே வேண்டாம். பிள்ளையின் முழுப்பெயர், பாடசாலை, ஊர் மூன்றும் ஒரே படத்தோடு போகக் கூடாது. வீடுகளுக்குப் போகும்போது பிள்ளைக்கு ஆபத்து என்று தோன்றினால் அதை அறிக்கையில் கதையாக எழுதாமல், பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள் அல்லது 1929க்கு அழையுங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. இரண்டையும் கொப்பியின் அட்டையில் எழுதி வையுங்கள்.

11. அறிக்கை: கெட்ட செய்தி முதலில்

இரண்டு பக்கம் போதும். என்ன செய்ய இருந்தோம், என்ன செய்தோம், எவ்வளவு செலவு, எது பிழைத்தது, அடுத்து என்ன. அந்த ஏழு ஆடுகள் செத்தபோது மூன்று கிழமை நான் வாய் திறக்கவில்லை. அதற்குள் ஊர்ப் பையன் ஒருவன் முகநூலில் போட்ட படம் அவர்கள் கண்ணில் பட்டுவிட்டது. ஆடு செத்ததை அவர்கள் மன்னித்தார்கள். அந்த மூன்று கிழமையைப் பற்றித்தான் அடுத்த கூட்டம் முழுக்கக் கதைத்தார்களாம். இப்போது 48 மணித்தியாலத்துக்குள் வட்ஸ்அப்பில் நாலு வரி போட்டுவிடுகிறேன், விபரம் பிறகு போகும்.

‘மக்கள் மிகுந்த மகிழ்ச்சியடைந்தனர்’ என்று எழுதாதீர்கள். எத்தனை கொட்டில் நிற்கிறது, எத்தனை ஆடு சினை, எத்தனை குட்டி என்று எழுதுங்கள். ஆட்டின் சினைக்காலம் ஐந்து மாதம். ஆகவே கொடுத்த மறுமாதம் குட்டிக் கணக்கு கேட்டால் அதையும் விளக்குங்கள். கேட்பவர் ஒருவேளை ஓய்வுபெற்ற கணித ஆசிரியராக இருப்பார், ஆடு வளர்த்தவராக இருக்கமாட்டார்.

12. விருந்தினர் வந்தால்

எந்த விசாவில் வருகிறார்கள் என்று முதலே கேளுங்கள். சுற்றுலா விசாவில் வந்தவர் பார்க்கலாம், வேலை செய்யக் கூடாது, சம்பளமில்லாத வேலையும் அதில் அடக்கம். கிராம உத்தியோகத்தருக்கு முன்னறிவித்தல் கொடுங்கள். மாலை, பொன்னாடை, பாண்ட் வாத்தியம் எதுவும் வேண்டாம், அந்தச் செலவை ஊர்ப் பெண்கள்தான் சுமப்பார்கள். வெளிநாட்டவர் தன் கையால் தனியே ஒரு குடும்பத்துக்குக் காசு கொடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அன்போடுதான் கொடுப்பார். ஆனால் மறுநாள் மீதிப் பத்தொன்பது வீட்டுக்கும் பதில் சொல்வது நீங்கள்.

13. கைமாற்றம்

முடியும் திகதியைத் தொடங்கும் நாளிலேயே ஊருக்குச் சொல்லுங்கள். ஒவ்வொரு குடும்பமும் முதல் பெண் குட்டியை அடுத்த குடும்பத்துக்குக் கொடுப்பது என்று ஒப்பந்தம் எழுதியிருந்தால், அந்தச் சுழற்சியை நடத்துவது மாதர் சங்கம்தான். ஆகவே கடைசி ஆறு மாதம் பதிவுக் கொப்பியை நீங்கள் எழுதாமல் செயலாளர் அக்காவிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருங்கள். எழுத்துப் பிழையைத் திருத்த வேண்டாம், கணக்குப் பிழையை மட்டும் காட்டுங்கள்.

போகும்போது மிச்சக் காசு, பொருட்பட்டியல், குட்டி கொடுக்க இன்னும் பாக்கியுள்ள குடும்பங்களின் பெயர் ஆகியவற்றை ஒரு கடிதத்தில் எழுதி, சங்கத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் வெளிநாட்டு அமைப்புக்கும் ஒவ்வொரு பிரதி கொடுங்கள். பதிவுக் கொப்பியின் எல்லாப் பக்கத்தையும் தொலைபேசியில் படமெடுத்து, மழை தொடங்குவதற்கு முன் இரண்டு பேருக்கு அனுப்பிவிடுங்கள். வெள்ளத்தோடு போன கொப்பிகள் இரண்டு எனக்குத் தெரியும், அதில் ஒன்று என்னுடையது.